மூன்றாம் தண்ணீர்

கப்பலை விட்டு இறங்கி மாதக்கணக்கு ஆகியும் செண்பகத்துக்குத் தரை ஆடிக்கொண்டேதான் இருந்தது. கும்மிடிப்பூண்டித் தரை அப்படியொன்றும் ஆடக்கூடிய தரை இல்லை. சித்திரை வெயிலில் ஓடு மாதிரி காய்ந்து கிடக்கும். ஆனால் அவள் கண்ணை மூடினால் போதும், முகாமின் கீற்றுக் கொட்டகை மெல்ல ஒரு பக்கம் சாயும், பாயும் பானையும் மிதக்கும், அடியில் எங்கோ ஐராவதி ஆறு ஓடுகிற சத்தம் கேட்கும். கண்ணைத் திறந்தால் அது பக்கத்துக் கொட்டகையில் யாரோ அரிசி களைகிற சத்தமாக இருக்கும்.

அது அறுபத்தாறாம் வருஷம். கடை கண்ணியெல்லாம் பறிபோய், பர்மாவில் இனி வழியில்லை என்று ஆகிவிட்ட தமிழர்களைச் சொந்த நாட்டுக்குப் போங்கள் என்று கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சொந்த நாடு என்றால் என்னவென்று செண்பகத்துக்கு நிச்சயமாகத் தெரியாது. அவள் பிறந்தது, வயசுக்கு வந்தது, அரிசி மில்லில் வேலை பார்த்த ராஜமாணிக்கத்துக்குக் கழுத்தை நீட்டியது எல்லாமே ஐராவதிக் கரையில். பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கம் என்று அப்பா சொல்லுவார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்வதற்குள் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போக ஊர் இல்லாதவர்களைத்தான் சர்க்கார் இந்த முகாமில் வைத்திருந்தது.

ஊர்க்காரர்களையும் சும்மா குறை சொல்லக்கூடாது. முகாம் போட்ட இடம் அவர்கள் மாடு மேய்ந்த புறம்போக்கு. அரிசிக்கு ஊரே அல்லாடிக்கொண்டிருந்த வருஷத்தில், கப்பலில் வந்தவர்களுக்கு மட்டும் லாரியில் அரிசி வந்து இறங்கினால் வயிறு எரியத்தான் செய்யும். போதாததற்கு இந்தப் பொம்பளைகள் ஆம்பிளை மாதிரி லுங்கி கட்டினார்கள், சுருட்டுப் பிடித்தார்கள், ஙப்பி என்று ஒரு மீன் விழுதைச் சுட்டு புதுவாயல் கூட்ரோடு வரைக்கும் மணக்க வைத்தார்கள். இந்த ஜனங்களுக்கு நம்முடைய நல்ல தண்ணிக் கிணற்றையும் திறந்துவிட வேண்டுமா என்று ஊர் கேட்டது. கேட்டது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. அந்த ஊரில் அந்த வருஷத்தில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, யார் கண்டது.

முகாமுக்கென்று போட்ட கைபம்பில் தண்ணீர் வரத்தான் வந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு. டீ போட்டால் பால் திரிந்துவிடும். மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துப் பழகினார்கள். ராஜமாணிக்கத்துக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளவே இல்லை. குடித்தது குடித்தபடி வெளியே வந்தது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, பாயோடு பாயாகிவிட்டார். முகாமுக்கு வந்த கம்பவுண்டர் நாக்கைப் பார்த்துவிட்டு, "மருந்து அப்புறம், நல்ல தண்ணி குடுத்துப் பாருங்கம்மா, இல்லன்னா ஆளு தாங்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போனார்.

செண்பகம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கிணற்றுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாள். அங்கே கங்கம்மாள் இருந்தாள். அந்தக் கிணற்றுக்கு அவள் சொந்தக்காரி இல்லை. ஆனால் எவளுக்கு முதல் குடம், எவளுக்குக் கடைசிக் குடம் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வருவதுதான். செண்பகத்தைக் கண்டதும் தன் வாளியிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான் கவர்மெண்டு பம்பு போட்டுக் குடுத்துக்கீதே, இங்க இன்னாத்துக்கு வர்ற?"

"வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லம்மா. ஒரே ஒரு குடம்."

"இன்னிக்கு ஒரு கொடம்பீங்க. நாளைக்குக் கேம்பே வந்து நிக்கும். போ, போ."

செண்பகம் வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பகல் வந்தது. வெயில் ஒரு பக்கம், கீற்றின் புழுக்கம் ஒரு பக்கம் என்று செண்பகத்தின் முகம், கழுத்து, கையெல்லாம் வேர்க்குரு முத்து முத்தாகக் கிளம்பியிருந்தது. பர்மாவிலே இதற்குத் தனக்கா பூசிக்கொள்வார்கள். தனக்கா என்பது ஒரு மரத்தின் கட்டை. பட்டையோடு கல்லில் தண்ணீர் விட்டு உரசினால் சந்தனம் போலக் குழைவாக வரும், குளிர்ச்சியாக இருக்கும். அங்கே பெண்கள் அதைப் பூசாமல் தெருவில் இறங்குவதில்லை. இங்கே வந்த புதிதில் ஊர் இளவட்டங்கள் கேலி செய்ததிலிருந்து முகாமில் எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். ரங்கூன் துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் தோட்டைக் கழற்றிக்கொண்டு, அடுப்புக்கட்டை என்று நினைத்து விட்டுவிட்ட ஒரு துண்டு செண்பகத்திடம் இருந்தது. அதை உரசி, போதாததற்குக் கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து, முகத்திலும் கழுத்திலும் கையிலும் தடிப்பாக அப்பிக்கொண்டாள். அந்தக் குளிர்ச்சியில் கண் சொருகியது. ஆறு வந்தது, படகு வந்தது, படகிலிருந்து ராஜமாணிக்கம் எட்டித் தண்ணீரை அள்ளினார், அள்ளின கை காலியாகவே மேலே வந்தது. திடுக்கிட்டு எழுந்தாள்.

உச்சிப்பொழுதில் கிணற்றடியில் ஆள் இருக்காது. திருடியாவது ஒரு குடம் கொண்டுவந்துவிட வேண்டியது என்று கடன் வாங்கின கயிற்றோடும் வாளியோடும் கிளம்பினாள். முகத்தில் அப்பியிருப்பது நினைவிலேயே இல்லை. வழியில் வேப்பமரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ரசத்துக்கு ஆகும் என்று ஒரு கொத்து ஒடித்துக் குடத்து வாயில் சொருகிக்கொண்டாள். கானலில் கிணற்று மேடை மிதந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு உருவம் நின்றது. கிட்டப் போனால் கங்கம்மாள்.

செண்பகம் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஆனால் கங்கம்மாள் திட்டவில்லை. வெளுத்த மஞ்சள் முகத்தைப் பார்த்தாள், அதற்குள் முத்து முத்தாகப் புடைத்திருந்ததைப் பார்த்தாள், குடத்து வாயில் வேப்பிலையைப் பார்த்தாள். மேடையை விட்டு இறங்கி, இரண்டு கையையும் கூப்பினாள்.

"தாயி" என்றாள். "இந்த வெயில்ல நீ எதுக்கு நடந்து வந்த? சொல்லி அனுப்பினா நான் வர மாட்டனா?"

செண்பகம் தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு எருமைக்கன்றுதான் நின்றது.

கங்கம்மாள் வாளியை விட்டு மளமளவென்று இறைத்தாள். குடத்தை நிரப்பித் தரையில் வைத்துவிட்டு, தொடாமல் எட்டிப் போய் நின்றாள். "எந்தக் கொட்டாயி?"

"கடைசி. புளியமரத்துக்கிட்ட."

"நாளையிலேர்ந்து நானே கொண்டாந்து வாசல்ல வச்சிடறேன். நீ வெளிய வராத. தல வாராத. கண்ணாடி பாக்காத. ஊட்ல தாளிக்க வாணாம்."

தாளிக்க வேண்டாம் என்றதும் செண்பகத்துக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பர்மாவிலும் மாரியம்மன் உண்டு. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக்கூடாது, அது அங்கேயும் அப்படித்தான். நோய் என்று சொல்லக்கூடாது, தாயி வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். தாயி வந்தவள் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. அம்மா, இது வேர்க்குரு என்று சொல்ல வாயைத் திறந்தாள். குடத்துக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு குடத்தை இடுப்பில் எடுத்தாள்.

அன்றைக்கு ராஜமாணிக்கம் ஒரு டம்ளர் குடித்தார். செண்பகம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வரவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தார். "ஆத்துத் தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

மறுநாளிலிருந்து விடிந்தும் விடியாமல் வாசலில் ஒரு குடம் வந்து இறங்கியது. செண்பகமும் தினம் எழுந்ததும் முதல் வேலையாகக் கட்டையை உரசி அப்பிக்கொண்டாள். பக்கத்துக் கொட்டகை ஆரோக்கியமேரி ரங்கூனிலிருந்து வந்தவள். அவளுக்குத் தனக்கா தெரியாதா என்ன.

"என்னக்கா, நேத்து வரைக்கும் செண்பகம், இன்னிக்கு மாரியாத்தாவா?"

"சத்தம் போடாதடி. ஒரு செம்பு ஒனக்கும் தர்றேன்."

ஆரோக்கியமேரி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். செண்பகத்தின் நல்ல காலம், விஷயம் ஊரிலும் பரவவில்லை. அம்மை என்று வெளியே தெரிந்தால் சுகாதார ஆபீஸ் வண்டி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் இந்த மாதிரி சங்கதிகளை அங்கே அவரவர் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள்.

கங்கம்மாள் குடத்தை வைத்ததும் போய்விடவில்லை. புளியமரத்தடியில் எட்டி உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே பேசுவாள். செண்பகம் கீற்றுத் தட்டியின் நிழலில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பூச்சு காயக் காய முகம் இறுகும். சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. வெயில் தட்டியின் ஓட்டை வழியாகக் காசு காசாக விழும். கங்கம்மாளின் குரல் எங்கோ தூரத்துக் கரையிலிருந்து வருவது போல வரும். இது நான்தானா, இல்லை நிஜமாகவே ஒருத்தி வந்து என் முகத்துக்குள் உட்கார்ந்துவிட்டாளா என்று செண்பகத்துக்குச் சந்தேகம் தட்டும். அப்படி வந்திருந்தால் அவளும் கப்பலில்தான் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள்.

"தாயி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காத" என்று ஒருநாள் கங்கம்மாள் ஆரம்பித்தாள். "இந்தக் கேம்ப்காரங்கள எதுக்கு எங்க தலையில கொண்டாந்து கட்டின? எம் மாடு மேய எடமில்லாம ரயில் ரோட்டுக்குப் போயிக்கினு கீது. இன்னா பேஜாரு பாரு. இதுங்க ஒண்ணுகூட நம்ம மாதிரி இல்ல."

முகாம்காரியிடமே முகாம்காரர்களைப் பற்றிப் புகார் சொல்லுகிறாளே என்று செண்பகத்துக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. முகம்தான் இடம் கொடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். "அவங்களும் எங்க போவாங்க?"

கங்கம்மாள் விசிறுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்றாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இதையே செண்பகம் சொல்லியிருந்தால் கங்கம்மாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பாள். அது செண்பகத்துக்கும் தெரியும்.

ராஜமாணிக்கம் கஞ்சி குடிக்க ஆரம்பித்தார். எழுந்து உட்கார மட்டும் இன்னும் தெம்பு வரவில்லை. அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாள் விட்டு நாள் மூன்று தரம் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் தாயி புறப்பட்டுவிட்டாள் என்று அர்த்தம். முதல் தண்ணீருக்கும் இரண்டாம் தண்ணீருக்கும் கங்கம்மாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தனிக்குடம் கொண்டுவந்தாள். குளித்த கையோடு செண்பகம் மறுபடி அப்பிக்கொண்டாள். மூன்றாம் தண்ணீருக்கப்புறம் குடம் நின்றுவிடும்.

மூன்றாம் தண்ணீருக்கு முதல் நாள். கங்கம்மாள் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. கிட்டத்தில், தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீ போயிடுவ" என்றாள். "அதுக்குள்ள கேட்டுடறேன். எம் பொண்ணு அங்காளத்த நீதான் எடுத்துக்குன. எடுத்துக்கோ, அத நான் கேக்கல. அவளுக்கு முத்து போட்டிருந்தப்ப தண்ணி கேட்டா. கெணத்துத் தண்ணி, சில்லுனு வேணும்னா. வேப்பெல போட்டுக் காச்சின தண்ணிதான் குடுக்கணும்னு பெரியவங்க சொன்னாங்க. அத அவ துப்பிட்டா. திரும்பத் திரும்பக் கேட்டா. கெணறு பத்து அடியில கீது, நான் குடுக்கல. கேட்டுக்கினே போயிட்டா. அதுக்கப்புறம்தான் எந்த ஊட்ல தாயி வந்தாலும் நான் கொடத்த எடுத்துக்கினு ஓடறேன்."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பிறகு நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லு தாயி. அவ தாகத்தோடவா போனா? இன்னும் தாகமாத்தான் இருக்காளா?"

செண்பகத்துக்குத் தரை ஆடியது. ஒரே ஒரு வார்த்தை போதும். தாகமெல்லாம் தீர்ந்துவிட்டது, என் மடியில்தான் தூங்குகிறாள் என்று சொன்னால் போதும். இந்தப் பொம்பளையின் நெஞ்சு ஆறிவிடும், குடமும் நிற்காது. உள்ளே கிடக்கிற மனுஷன் பிழைத்துக்கொள்வார். அந்த வார்த்தை அவள் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. எதிரே கங்கம்மாளின் கண் அவள் முகத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. செத்துப்போன ஒரு பிள்ளையின் வாயில் தன் பொய்யை வைக்கச் செண்பகத்தால் முடியவில்லை.

குடத்துத் தண்ணீரில் தோள் துண்டை நனைத்தாள். முகத்தைத் துடைத்தாள். நனைத்து நனைத்துத் துடைத்தாள். வேர்க்குரு எப்போதோ அமுங்கிப்போய், அடியிலிருந்து வழவழவென்று ஒரு சாதாரண மாநிற முகம் வெளியே வந்தது.

"நான் தாயி இல்லம்மா. முத்தும் இல்ல. இது மரக்கட்டை. அங்க எங்க ஊர்ல எல்லாரும் பூசிக்குவோம். ஒங்க பொண்ணு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

கங்கம்மாள் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு குடம் கேட்டு வந்து, போ போ என்று தான் விரட்டின முகம்.

"மரக்கட்டையா" என்றாள். குரல் எழும்பவே இல்லை. "நான் இத்தினி நாளு மரக்கட்டைகிட்டயா அழுதுக்கினு இருந்தேன்?"

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது உள்ளேயிருந்து ராஜமாணிக்கத்தின் குரல், "தண்ணி" என்றது. செண்பகத்தின் கை பழக்கத்தில் செம்புக்குப் போய், பாதியில் நின்றது. குடம் கங்கம்மாளுடையது. தண்ணீரும் அவளுடையது. தாயிக்கென்று கொடுத்ததுதானே தவிர, தனக்கென்று கொடுத்ததில்லை. "தண்ணி" என்று மறுபடியும் குரல் வந்தது.

கங்கம்மாள் சாட்டையடி வாங்கினவள் மாதிரி எழுந்தாள். "கேக்குறாரு இல்ல?" என்றாள். "இன்னா பாத்துக்கினு நிக்கற? குடு."

செண்பகம் செம்பில் மொண்டு உள்ளே ஓடினாள். கங்கம்மாள் வாசல்படியில் நின்று, கீற்றை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, அந்த மனிதர் மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரை குடிப்பதைப் பார்த்தாள். செம்பு கீழே வைக்கப்பட்ட பிறகும் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வாசலில் குடம் வரவில்லை. வராது என்று தெரிந்திருந்தும் செண்பகம் வெயில் ஏறுகிற வரைக்கும் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு முகத்தில் ஒன்றும் பூசாமல், இடுப்பில் குடத்தோடு கிணற்றுக்குப் போனாள். அடித்து விரட்டினால் விரட்டட்டும், ஊரார் காலில் விழுந்தாவது ஒரு குடம் வாங்கிவிடுவது என்று போனாள்.

கிணற்றடியில் நல்ல கூட்டம். நாலு ஏக்கர் நஞ்சைக்காரி ஜானகியம்மாள்தான் முதலில் பார்த்தாள். "ஏ, கேம்ப் பொம்பள, நீ இன்னாத்துக்கு இங்க வந்த?"

வாளிக் கயிற்றைப் பிடித்திருந்த கங்கம்மாள் திரும்பினாள். கண் வீங்கிச் சிவந்திருந்தது. இரவெல்லாம் அவள் தூங்கவில்லை என்று செண்பகத்துக்குத் தெரிந்தது. மரக்கட்டைக் கதையை இப்போது எல்லோர் எதிரிலும் சொல்லப்போகிறாள் என்று குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவ ஊட்ல தாயி வந்திருந்தா" என்றாள் கங்கம்மாள். "இன்னிக்கு மூணாந்தண்ணி. அத தாயி வந்தவ கையாலதான் எறைக்கணும்."

"இது இன்னாடி புது சாங்கியம்? நான் கேள்விப்பட்டதே இல்லியே."

"நீ எத்தினி ஊட்டுக்கு ஊத்தியிருக்க? இந்த ஊர்ல ஊத்தினவ நான். உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

ஜானகியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, இன்னிக்கு ஊத்திக்கட்டும். நாளைக்கு?"

"தாயி தங்கிட்டுப் போன ஊடு. அந்த ஊட்டுக்குத் தண்ணி இல்லன்னு சொல்லிட்டு, நாளைக்கு உம் பேரப்புள்ளைக்கு ஒண்ணுன்னா எம் மூஞ்சியில வந்து முழிக்காத."

கூட்டம் மெல்ல விலகி வழி விட்டது. செண்பகம் மேடையில் ஏறினாள். கங்கம்மாள் தன் கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். அந்தக் கையும் இந்தக் கையும் முதல்முறையாகப் பட்டுக்கொண்டன. வாளி கீழே போய்த் தொப்பென்று விழுந்தது. இழுக்க இழுக்க அதன் கனம் செண்பகத்தின் தோள் வரை ஏறியது. கப்பலேறின நாளிலிருந்து ஆடிக்கொண்டிருந்த தரை அன்றைக்கு ஆடவில்லை.

குடம் நிரம்பியது. அதைத் தூக்கிவிடுகிற சாக்கில் கங்கம்மாள் குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தாகம் தீந்துபோச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். சாவுற வரைக்கும் நம்பியிருப்பேன்."

செண்பகம் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அக்கா" என்றாள்.

"நகரு" என்றாள் கங்கம்மாள். "பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."